பெரிய டயர் போடும் முன் டேப்போடு வண்டிக்கு அடியில் படுங்கள்

ஃபோர்வீல் டிரைவ் வண்டி புதிதாக வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "இதுக்கு எவ்வளவு பெரிய டயர் போடலாம்?" பதிலை என்னைவிட வண்டியே சரியாகச் சொல்லும். ஸ்டியரிங்கைக் கடைசிவரை ஒடித்து, சஸ்பென்ஷனையும் கடைசிவரை அமுக்கி, அந்த நிலையிலும் எதையும் தொடாமல் சுற்றுகிற டயர்தான் உங்கள் வண்டி தாங்கும் பெரிய டயர். அதற்கு மேல் போனால் எதையாவது வெட்டவோ மாற்றவோ வேண்டிவரும். அந்த அளவைக் கண்டுபிடிக்க ஒரு டேப், ஒரு டார்ச், ஜாக்கி, ஸ்டாண்டுகள், அரை நாள் பொழுது போதும்.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். என் முதல் வண்டிக்குப் பெரிய டயர் போட்ட அன்று, சமதரையில் நிறுத்திச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன். எல்லாப் பக்கமும் கை நுழைய இடம் இருந்தது. இரண்டு வாரம் கழித்து ஓர் இறக்கத்தில் ஸ்டியரிங்கை வலப்பக்கம் முழுக்க ஒடித்தபடி இறங்கிக்கொண்டிருந்தேன். இடது முன்சக்கரம் ஒரு பாறை மேல் ஏறியது. பரபரவென்று ஒரு சத்தம், பின்னாலேயே ரப்பர் கருகும் வாடை. இறங்கிப் பார்த்தால், வீல் ஆர்ச்சின் பின்பக்கத்தில் இரண்டு தகடுகள் சேரும் இடத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பு, பிளாஸ்டிக் மறைப்பைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து, டயரின் தோளிலிருந்து ஒரு பட்டையைச் சீவி எடுத்திருந்தது. உள்ளே இருக்கும் கம்பிவரை வெட்டு போகவில்லை, அதனால் திரும்பி வர முடிந்தது. நின்ற இடத்தில் பார்த்த இடைவெளியை நம்பியதுதான் தவறு.

பெரிய டயரால் கிடைப்பது என்ன

நீளமான ஸ்பிரிங் போட்டு வண்டியைத் தூக்கலாம். ஆனால் முழு ஆக்ஸில் (இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே கெட்டியான அச்சு) உள்ள வண்டியில் அப்படி உயர்வது உடல் மட்டும்தான். ஆக்ஸிலின் நடுவே தொங்கும் டிஃபரன்ஷியல் உருண்டை பழைய உயரத்திலேயே இருக்கும், பாறையில் முதலில் இடிப்பதும் அதுதான். அதை உயர்த்தப் பெரிய டயரைவிட எளிய வழி இல்லை. பள்ளத்தில் இறங்கிக் கல்லில் ஏறும்போதும் பெரிய சக்கரம் சுலபமாக உருளும்.

ஆனால் எவ்வளவு உயரும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் 245/75 ஆர்16 என்று இருந்தால், 245 என்பது மி.மீ. கணக்கில் அகலம். 75 என்பது பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. 16 என்பது இன்ச் கணக்கில் ரிம்மின் விட்டம். 245-ல் 75 சதவீதம் 183.75. மேலும் கீழும் சேர்த்து 367.5. ரிம் 16 இன்ச், அதாவது 406.4 மி.மீ. கூட்டினால் டயரின் மொத்த உயரம் ஏறக்குறைய 774 மி.மீ. இதேபோல் 265/75 ஆர்16-க்குப் போட்டால் 804 வரும். 30 மி.மீ. பெரிய டயர். அந்த 30-ல் பாதிதான் ஆக்ஸிலுக்குக் கீழே சேரும், 15 மி.மீ. சுண்டுவிரல் தடிமன்.

இவ்வளவுதானா என்று தோன்றலாம். பாறை நிறைந்த பாதையில் அந்தச் சுண்டுவிரல் தடிமனும் உதவும். ஆனால் சேற்றிலும் மணலிலும் மாட்டிக்கொள்வதுதான் உங்கள் கவலை என்றால், இருக்கும் டயரிலேயே காற்றைக் குறைத்து ஓட்டப் பழகுங்கள். தரையில் பதியும் பரப்பு நீளமாகி, பிடிப்பு உடனே கூடும். அளவை மாற்றுவதற்கு முன் ஒரு பருவமாவது அப்படி ஓட்டிப் பார்த்தால், எதற்காகப் பெரிய டயர் வேண்டும் என்பது உங்களுக்கே தெளிவாகிவிடும்.

சில டயர்களில் '31×10.5 ஆர்15' என்ற வகை எழுத்தும் பார்ப்பீர்கள். அது நேரடிக் கணக்கு: 31 இன்ச் உயரம், 10.5 இன்ச் அகலம், 15 இன்ச் ரிம். இரண்டு வகையிலும், எழுதியிருக்கும் அளவும் டேப் காட்டும் அளவும் கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் வேறுபடும். வாங்குமுன் அந்த டயரின் உண்மையான உயரத்தைத் தயாரிப்பாளரின் அளவுப்பட்டியலில் பாருங்கள்.

இடத்தை அளப்பது

இதுதான் அதிக நேரம் கேட்கும் வேலை, அவசரப்படாதீர்கள். சமதரையில் வண்டியை நிறுத்தி, ஸ்டியரிங்கை இடப்பக்கம் முழுக்க ஒடித்து இறங்கிப் பாருங்கள். அப்புறம் வலப்பக்கம். முன்சக்கரத்தில் பார்க்க வேண்டிய இடங்கள்: பம்பரின் பின்மூலை, வீல் ஆர்ச்சின் பின்சுவர், மட்ஃபிளாப், உள்ளே ஸ்வே பார் (வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் கம்பி), சஸ்பென்ஷன் கைகள், பிரேக் ஹோஸ். சேஸிஸ் தனி, உடல் தனி என்று இருக்கும் வண்டிகளில், ஆர்ச்சுக்குப் பின்னால் உடலைச் சேஸிஸோடு பிணைக்கும் மவுண்ட் ஒன்று இருக்கும். பெரும்பாலும் டயர் முதலில் தொடுவது அங்கேதான். பின்சக்கரத்தில் ஷாக் அப்சார்பரையும் ஸ்பிரிங்கையும் ஆர்ச்சின் உள்விளிம்பையும் பாருங்கள்.

அடுத்தது அமுக்கிப் பார்ப்பது. கராஜில் செய்வதென்றால், வண்டியைச் சேஸிஸில் வலுவான ஸ்டாண்டுகள் மேல் நிறுத்தி, தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஆக்ஸிலை ஜாக்கியால் பம்ப் ஸ்டாப்பை, அதாவது சஸ்பென்ஷன் அதற்கு மேல் அமுங்காமல் தடுக்கும் கட்டையை, தொடும்வரை மெல்லத் தூக்குவார்கள். காயில் ஸ்பிரிங்கைக் கழற்றத் தெரியாதவர்கள் இதில் இறங்கவே வேண்டாம். அமுங்கியிருக்கும் ஸ்பிரிங் தெறித்தால் உயிருக்கே ஆபத்து. மெக்கானிக்கிடம் செய்யச் சொல்லுங்கள்.

புதியவர்களுக்கு எளிய வழி வேறு. ஷாக் அப்சார்பரின் பளபளக்கும் தண்டில், அதன் உடலை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் டை சுற்றிவிடுங்கள். பிறகு ஒரு சக்கரம் மேட்டிலும் குறுக்கே உள்ள மற்றது பள்ளத்திலும் இருக்கும்படி ஓர் இடத்தில் மெதுவாக ஏறி இறங்குங்கள். ஷாக் எவ்வளவு உள்ளே போனதோ அந்த இடத்துக்கு டை தள்ளப்பட்டு நின்றிருக்கும். பம்ப் ஸ்டாப்பைத் தொட இன்னும் எவ்வளவு மிச்சம் என்று அதை வைத்துச் சொல்லிவிடலாம். மறுபடி அதே நிலையில் வண்டியை நிறுத்தி, ஸ்டியரிங்கை ஒடித்து, கூட வந்தவரை டார்ச் அடித்து இடைவெளியை அளக்கச் சொல்லுங்கள். அவர் கையை உள்ளே விடுமுன் என்ஜினை அணைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை வைத்திருக்க வேண்டும்.

கிடைத்த இடைவெளி முழுவதையும் டயருக்குக் கொடுத்துவிடாதீர்கள். காற்றைக் குறைத்தால் பக்கச்சுவர் பிதுங்கும், இடுக்கில் சேறு அடையும். உள்பக்கத்தில் ஒரு விரல் நுழையும் இடமாவது நான் எப்போதும் விட்டுவைப்பேன். பனிச்சங்கிலி மாட்டுபவர்கள் இன்னும் கூடுதலாக விட வேண்டும்.

உரசல் சிறிதாக இருந்தால் வழி உண்டு. மட்ஃபிளாப்பைக் கழற்றலாம், பிளாஸ்டிக் மறைப்பைச் சூடுகாட்டி வளைக்கலாம் அல்லது வெட்டலாம். ஒன்றை மட்டும் நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள்: முழுதாக அமுங்கும்போது உரசுகிற டயரை லிஃப்ட் கிட் (வண்டியைத் தூக்கும் நீளமான ஸ்பிரிங் செட்) மட்டும் காப்பாற்றாது. ஸ்பிரிங் எவ்வளவு நீளமானாலும், பெரிய குழியில் இறங்கினால் ஆக்ஸில் பம்ப் ஸ்டாப் வரைக்கும் ஏறத்தான் செய்யும், உரசலும் அங்கேயே காத்திருக்கும். பம்ப் ஸ்டாப்பை நீளமாக்கினால்தான் அந்தப் பயணம் முன்கூட்டியே நிற்கும். லிஃப்ட் போட்ட பிறகும் ஏன் உரசுகிறது என்று குழம்புகிறவர்கள் இந்த இடத்தைத்தான் தவறவிடுகிறார்கள்.

ரிம்

பழைய ரிம்மிலேயே புதிய டயர் உட்கார்ந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு டயருக்கும் இத்தனை இன்ச் முதல் இத்தனை இன்ச்வரை அகலமுள்ள ரிம் என்று தயாரிப்பாளர் ஒரு வரம்பு கொடுத்திருப்பார், அதற்குள் இருந்தால் சரி. ரிம்மை மாற்றத்தான் வேண்டும் என்றால் பார்க்க நான்கு விஷயங்கள் உண்டு.

முதலாவது பி.சி.டி., அதாவது போல்ட்டுகள் நிற்கும் வட்டத்தின் விட்டம். ஆறு போல்ட் என்றால் எதிரெதிர் போல்ட்டுகளின் மையத்துக்கு மையம் அளந்தால் போதும். ஐந்து போல்ட்டில் எதிரே ஆள் இல்லை. அடுத்தடுத்த இரண்டு போல்ட்டுகளின் மையத்துக்கு மையம் அளந்து 1.701-ஆல் பெருக்குங்கள். 82.1 மி.மீ. வந்தால் அது 139.7, 67.2 வந்தால் 114.3. சுஸுகி ஜிம்னிக்கு 5×139.7, டொயோட்டா ஹைலக்ஸுக்கு 6×139.7, ஜீப் ராங்ளர் ஜே.கே.வுக்கு 5×127. 114.3-க்கும் 115-க்கும் வித்தியாசம் ஒரு மி.மீ. கூட இல்லை, போல்ட் நுழைந்தும்விடும். ஆனால் நட்டு சாய்ந்து உட்காரும், ஓட ஓடத் தளரும். அருகில் இருக்கும் அளவு என்று சமாதானம் செய்துகொள்ளக் கூடாத இடம் இது.

இரண்டாவது நடுத்துளை. வண்டியின் ஹப்பைவிட (ரிம் மாட்டும் நடுப்பகுதி) துளை சிறிதாக இருந்தால் ரிம் ஏறவே ஏறாது. பெரிதாக இருந்தால், சரியான அளவு வளையம் போட்டு மையப்படுத்த வேண்டும்.

மூன்றாவது நட்டு. ரிம்மில் நட்டு அமரும் குழி கூம்பாக, உருண்டையாக, தட்டையாக என்று பல வகை. பழைய இரும்பு ரிம்மின் நட்டு புதிய அலாய் ரிம்முக்குப் பொருந்தும் என்று எண்ணிவிடாதீர்கள். அலாய் தடிமனாக இருப்பதால் மரை பிடிக்கும் நீளமும் குறையலாம். நட்டைக் கையால் சுற்றும்போது எத்தனை சுற்று உள்ளே போகிறது என்று எண்ணுங்கள். 12 மி.மீ. போல்ட், மரை இடைவெளி 1.5 என்றால் குறைந்தது 8 சுற்று போக வேண்டும். போல்ட்டின் தடிமன் அளவுக்காவது மரை பிடித்திருக்க வேண்டும் என்பது கணக்கு.

நான்காவது ஆஃப்செட், எல்லோரையும் குழப்புவது. ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, ஹப்போடு ஒட்டும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதே ஆஃப்செட். முகம் வெளிப்பக்கம் இருந்தால் பிளஸ், உள்பக்கம் இருந்தால் மைனஸ். எண் குறையக் குறையச் சக்கரம் வெளியே தள்ளும். ஓர் உதாரணம் பாருங்கள். பழைய ரிம் 7 இன்ச் அகலம், ஆஃப்செட் பிளஸ் 30. புதியது 8 இன்ச், ஆஃப்செட் பூஜ்யம். உள்விளிம்பு சஸ்பென்ஷனை விட்டு 17 மி.மீ. விலகும், நல்லதுதான். ஆனால் வெளிவிளிம்பு 43 மி.மீ. வெளியே வந்து நிற்கும். ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது டயர் போடும் வட்டம் பெரிதாகி, முன்பு தொடாத பம்பர் மூலையைப் போய்த் தொடும். வீல் பேரிங் மேலும் ஸ்டியரிங் மூட்டுகள் மேலும் சுமை கூடும். கைக்கு ஸ்டியரிங் உதறலாகத் தெரியும். பார்க்க அகலமாக இருக்கிறது என்பதற்காக மட்டும் ரிம்மை வெளியே தள்ள வேண்டாம். உள்ளே உரசாத அளவுக்கு மட்டும் தள்ளினால் போதும்.

ரிம்மின் விட்டத்தில் என் கருத்து உறுதியானது: பிரேக் காலிப்பர் இடிக்காத மிகச் சிறிய ரிம்தான் கரடுமுரடான பாதைக்கு ஏற்றது. 265/75 ஆர்16-ம் 265/70 ஆர்17-ம் உயரத்தில் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் 17 இன்ச் ரிம்மில் பக்கச்சுவர் 13 மி.மீ. குறைவு. காற்றைக் குறைக்கும்போது வளைந்து கொடுப்பதும், கல்லில் இடிக்கும்போது ரிம்மைக் காப்பதும் அந்தச் சுவர்தான்.

எடை தாங்கும் எண், வேக எழுத்து

அளவுக்குப் பக்கத்தில் 112எஸ் என்பதுபோல் ஒரு குறி இருக்கும். 112 என்றால் ஒரு டயர் 1120 கிலோ தாங்கும், 116 என்றால் 1250 கிலோ. எழுத்து அதிகபட்ச வேகம்: க்யூ 160, எஸ் 180, டி 190 கி.மீ. உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள எண்ணைவிடக் குறைந்ததை எடுக்காதீர்கள். டயர் வயதையும் பாருங்கள். பக்கவாட்டில் உள்ள டி.ஓ.டி. குறியின் கடைசி நான்கு இலக்கம் 2324 என்றால், 2024-ன் 23-வது வாரம் தயாரானது. பெரிய டயரை வண்டியில் பதிவு செய்யவோ காப்பீட்டுக்குத் தெரிவிக்கவோ வேண்டுமா என்பது நாட்டுக்கு நாடு மாறும். வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

வண்டியின் குணம் மாறும்

774-லிருந்து 804-க்குப் போனால் மீட்டர் 100 காட்டும்போது நீங்கள் ஏறக்குறைய 104-ல் போய்க்கொண்டிருப்பீர்கள். மீட்டரை மறுபடி அளவுபடுத்த முடிந்தால் செய்துவிடுங்கள். பிரேக்கும் பழையபடி பிடிக்காது. டயரின் ஆரம் கூடினால் அதே பிரேக் தரையில் காட்டும் பிடிமானம் குறையும், சக்கரத்தின் எடையும் கூடியிருக்கும். முதல் சில நாள் முன்னால் போகும் வண்டியிலிருந்து கூடுதலாக விலகியே ஓட்டுங்கள்.

இழுவையும் குறையும். 30.5 இன்ச் டயரோடு 4.10 ஆக இருந்த ஆக்ஸில் கியர் விகிதம், 33 இன்ச் போட்டதும் 3.79 போல நடந்துகொள்ளும். மேட்டில் ஒரு கியர் இறக்கி ஓட்டவேண்டியிருக்கும். பழைய இழுவை திரும்ப வேண்டுமானால் விகிதம் 4.44 ஆக வேண்டும், அதற்கு அருகே கிடைக்கும் கியரை முன், பின் இரண்டு ஆக்ஸிலிலும் ஒன்றுபோல் மாற்ற வேண்டும். பெரிய வேலை. ஒரே அளவு மேலே போவதோடு நின்றுகொண்டால் இந்தப் பேச்சே பெரும்பாலும் எழாது. புதியவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

மாட்டும் நாள்

நான்கும் ஒரே அளவு, ஒரே வகையாக இருக்கட்டும். முன்னும் பின்னும் உயரம் வேறுபட்டால், ஃபோர்வீல் போட்டு ஓட்டும்போது ஆக்ஸில்கள் ஒன்றையொன்று இழுத்து முறுக்கிக்கொள்ளும். ஸ்டெப்னியும் அதே உயரம் வேண்டும். அது பின்கதவில் தொங்கினால் கீல் அந்தக் கூடுதல் எடையைத் தாங்குமா என்றும், அடியில் தொங்கினால் சைலன்சர் குழாயைத் தொடாமல் ஏறுகிறதா என்றும் மாட்டிப் பார்த்துவிடுங்கள்.

ஹப்பின் முகத்தில் துரு இருந்தால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். மரையில் எண்ணெயோ கிரீஸோ தடவாதீர்கள், அதே டார்க்கில் (இறுக்கும் முறுக்கு விசை) போல்ட் அளவுக்கு மீறி இழுபடும். எல்லா நட்டையும் முதலில் கையால் சுற்றுங்கள். பிறகு எதிரெதிராக, நட்சத்திர வடிவில், இரண்டு மூன்று தவணையாக இறுக்குங்கள். கடைசி இறுக்கம் டார்க் ரெஞ்சில், கையேட்டில் சொன்ன அளவுக்கு. ஏர் கன்னால் ஒரே மூச்சில் முடிக்க விடாதீர்கள். 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் நிறுத்தி மறுபடி ஒருமுறை டார்க் பாருங்கள், அலாய் ரிம் என்றால் கண்டிப்பாக. பேலன்சிங்கும் வீல் அலைன்மென்ட்டும் அதே நாளில் முடிந்துவிட வேண்டும்.

காற்றழுத்தத்துக்குக் கதவில் ஒட்டியிருக்கும் எண் பழைய டயருக்கானது. லாரி வகையான எல்.டி. டயருக்கு அதே எடையைத் தாங்க அதிகக் காற்று வேண்டும். புதிய டயரின் சுமைப் பட்டியலைப் பார்த்துத் தொடங்கி, சாக்பீஸால் சரிபாருங்கள். டயரின் முழு அகலத்துக்கும் குறுக்கே தடிமனாக ஒரு கோடு போட்டு, தார்ச்சாலையில் நேராகக் கொஞ்ச தூரம் ஓட்டி இறங்கிப் பாருங்கள். நடுவில் மட்டும் அழிந்திருந்தால் காற்று அதிகம், ஓரங்களில் மட்டும் அழிந்திருந்தால் குறைவு. ஆனால் சுமைப் பட்டியல் சொல்லும் அளவுக்குக் கீழே மட்டும் சாலையில் இறக்காதீர்கள். கிடைத்த எண்ணைக் கதவு ஸ்டிக்கர் பக்கத்திலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

முதல் கரடுமுரடுப் பயணம் முடிந்ததும், வண்டியைக் கழுவும் முன் டார்ச்சோடு ஆர்ச்சுக்குள் பாருங்கள். சேறு அப்பியிருக்கும் பிளாஸ்டிக்கில் ஓரிடம் மட்டும் துடைத்த மாதிரி பளபளத்தால் டயர் அங்கே தொட்டிருக்கிறது.

இன்னும் ஒரு வேலை பாக்கி. வீட்டு வாசலில் வைத்து ஒருமுறை நீங்களே ஸ்டெப்னி மாற்றிப் பாருங்கள். வண்டியோடு வந்த ஜாக்கி, பெரிய டயரைத் தரையிலிருந்து விடுவிக்கும் உயரத்துக்கு ஏறாமல் போகலாம். புதிய நட்டுக்குப் பழைய ஸ்பேனர் சேராமலும் போகலாம். சேரவில்லை என்றால் ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு கனமான பலகையும், சரியான அளவு சாக்கெட்டும் அன்றே வாங்கி ஸ்டெப்னியோடு சேர்த்துக் கட்டிவையுங்கள்.